சுவருக்குள் போகும் வயரை முதலில் தேர்ந்தெடுங்கள்

கரண்ட் போன இரவுகளிலும் லேண்ட்லைன் போன் மணி அடித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் போனுக்கென்று வீட்டில் தனி பிளக் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரிதான், பேச்சு போன அதே இரண்டு வயர் வழியாக அதற்கு மின்சாரம் கொடுத்தது. இன்று கேமரா, வைஃபை பெட்டி, ஐபி போன் எல்லாவற்றுக்கும் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்புவதும் அதே யோசனைதான். பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பிஓஇ.

வீடு கட்டுகிறவர்களும், கடை, பள்ளி, மண்டபம் நடத்துகிறவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, “எந்தக் கேமரா வாங்கலாம்?” என்பது. கேமராவை நாலைந்து வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஸ்விட்சை ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். பூசிய சுவருக்குள் போன கேபிள் அப்படியில்லை. எனவே கேபிளையும் வாட் கணக்கையும் முதலில் முடிவு செய்யுங்கள்; பெட்டிகள் பிறகு.

மின்சாரம் கொடுக்க நான்கு வழிகள்

1. தனி அடாப்டர் அல்லது எஸ்எம்பிஎஸ்: டிவிஆரோடு வரும் பழைய வகைக் கேமராக்களுக்கு ‘3+1’ கேபிள் இழுத்து 12 வோல்ட் கொடுக்கும் முறை. செலவு குறைவு. நாலு கேமரா, எல்லாம் இருபது முப்பது மீட்டருக்குள் என்றால் போதும். தூரம் கூடினால் வோல்டேஜ் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். 12 வாட் கேமராவுக்கு 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் ஓட வேண்டும். 48 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். கரண்ட் நான்கில் ஒன்றானால், அதே வயரில் சூடாக வீணாகும் மின்சாரம் பதினாறில் ஒன்றாகிறது. பிஓஇ நூறு மீட்டர் போவதன் ரகசியம் இதுதான்.

2. இன்ஜெக்டர்: ஸ்விட்சுக்கும் கருவிக்கும் நடுவே வைக்கும் சின்னப் பெட்டி. மாடியில் ஒரே ஒரு வைஃபை பெட்டி வைக்க இது சரியான தேர்வு. மூன்று கருவிக்கு மேல் போனால் பிளக்குகள் பெருகிவிடும்.

3. பிஓஇ ஸ்விட்ச்: நான்கு, எட்டு, பதினாறு போர்ட்டுகளில் கிடைக்கிறது. எல்லாக் கருவிக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம். தொங்கிப்போன கேமராவை அணைத்துப் போட ஏணி வேண்டாம். போர்ட்டில் கேபிளைக் கழற்றி மாட்டினால் போதும்.

4. பிஓஇ உள்ள என்விஆர்: பதிவுப் பெட்டியின் பின்பக்கமே கேமராவைச் செருகலாம். சின்னக் கடைக்கு எளிது. ஆனால் எல்லாக் கேபிளும் அந்தப் பெட்டி வரை வந்தாக வேண்டும். பெட்டி பழுதானால் கேமராக்களும் கூடவே படுத்துவிடும்.

இவற்றோடு ‘பாசிவ்’ என்று ஒரு வகை உண்டு. பெரும்பாலும் 24 வோல்ட். தரப்படி செய்த ஸ்விட்ச் முதலில் பத்து வோல்ட் அளவிலான சிறு வோல்டேஜை விட்டு, எதிர்முனையில் 25,000 ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் முழு மின்சாரம் தரும். அதனால் லேப்டாப்பைத் தவறிச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. பாசிவ் எதையும் கேட்காமல் மின்சாரத்தைத் தள்ளும். அதனுடன் வந்த கருவிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வேறெதையும் அதில் மாட்டாதீர்கள்.

எந்தத் தரம்?

பெட்டியில் 802.3 என்ற எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பாருங்கள்.

ஏஎஃப் (2003): போர்ட்டில் 15.4 வாட், கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். சாதாரண கேமரா, ஐபி போனுக்குப் போதும்.

ஏடி (2009): போர்ட்டில் 30, கருவிக்கு 25.5 வாட். புதிய வைஃபை பெட்டிகள் பலவற்றுக்கும் சுழலும் கேமராக்கள் சிலவற்றுக்கும் இது வேண்டும்.

பிடி (2018): போர்ட்டில் 60 அல்லது 90 வாட், கருவிக்கு 51 அல்லது 71.3. நான்கு ஜோடி வயரிலும் மின்சாரம் ஓடும். ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கேமராவுக்குக் கொடுக்கும் குறுக்குவழி இங்கே செல்லாது.

போர்ட்டின் வாட்டுக்கும் கருவியின் வாட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் கேபிள் தின்னும் மின்சாரம். வீட்டுக்கும் சிறு கடைக்கும் ஏடி ஸ்விட்ச் வாங்குவதே நல்லது. ஏஎஃப் கருவிகளும் அதில் ஓடும்.

இதைவிட முக்கியம் ஸ்விட்சின் மொத்த வாட். உறவினரின் கடையில் எட்டு போர்ட் ஸ்விட்ச், எட்டு கேமரா. பகலெல்லாம் படம் தெளிவாக இருக்கும். இருட்டியதும் இரண்டு கேமரா மட்டும் அணைந்து அணைந்து எரியும். கேமரா பழுது என்று ஒன்றை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்: மொத்தம் 60 வாட். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது ஒவ்வொரு கேமராவும் எட்டு வாட் கேட்டது, மொத்தம் 64. எட்டு போர்ட் இருக்கிறது என்பதற்காக எட்டிலும் முழு மின்சாரம் வரும் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு கருவியின் அதிகபட்ச வாட்டையும் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து ஸ்விட்ச் வாங்குங்கள்.

கேபிள்: பிளேடால் சுரண்டிப் பாருங்கள்

305 மீட்டர் பெட்டியாக வரும் கேபிளில் இரண்டு வகை. ஒன்று முழுச் செம்பு. மற்றொன்று அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. கடையில் சிசிஏ என்பார்கள். விலை குறைவு, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு வயரை உரித்து பிளேடால் சுரண்டுங்கள். முழுச் செம்பு எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும். சிசிஏ இரண்டாவது சுரண்டலிலேயே வெள்ளையாகப் பல்லிளிக்கும். இரண்டு மூன்று முறை வளைத்தாலும் எளிதில் ஒடியும்.

அலுமினியத்தின் தடை செம்பின் தடையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். அதிக வாட் ஓடினால் கேபிள் சூடாகும். தொலைவில் இருக்கும் கருவி பட்டினி கிடக்கும். மண்பானையைக்கூடத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? முழுச் செம்பில் கேட் 5இ குறைந்தபட்சம். புது வீட்டுக்கு கேட் 6. அதன் வயர் சற்றுத் தடிமன், அதனால் இழப்பும் குறைவு.

தூரம், மழை, இடி

தரம் அனுமதிக்கும் தூரம் 100 மீட்டர். சில ஸ்விட்ச்களில் ‘எக்ஸ்டெண்ட்’ என்ற பொத்தானைப் போட்டால் 250 மீட்டர் என்பார்கள். வேகம் 10 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். ஒரு கேமராவுக்குச் சமாளிக்கலாம், வைஃபைக்கு உதவாது. 230 வோல்ட் வயர் போகும் பைப்பில் இந்தக் கேபிளை ஒருபோதும் விடாதீர்கள்.

வெளியே தொங்கும் இணைப்பில் தண்ணீர் புகுந்தால் ஊசிகள் பச்சை பூத்துவிடும். கேமராவோடு வரும் மூடியை மாட்டி, கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி கூடும் நம் ஊரில், கம்பத்தில் இருக்கும் கேமராவுக்கு எர்த் செய்த சர்ஜ் தடுப்பான் அவசியம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் ஃபைபர் போட்டு, மறுமுனையில் தனி பிஓஇ ஸ்விட்ச் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது.

கரண்ட் போனால்

பிஓஇ-யின் பெரிய லாபம் இங்கேதான். ரூட்டர், ஸ்விட்ச், பதிவுப் பெட்டி மூன்றையும் வீட்டு இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தால் கேமராக்கள் எல்லாம் கூடவே உயிரோடு இருக்கும். இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ்’ என்ற நிலை இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் மாறும் நொடியில் கருவிகள் அணைந்து மறுபடி தொடங்கலாம்.

யாருக்கு எது?

ஒரே ஒரு வைஃபை பெட்டி: இன்ஜெக்டர்.
நாலு கேமரா உள்ள சின்னக் கடை: பிஓஇ உள்ள என்விஆர்.
கேமராவும் வைஃபையும் சேர்ந்த வீடு, பள்ளி, மண்டபம்: ஏடி தர பிஓஇ ஸ்விட்ச்.
கேபிள் ஏற்கெனவே இழுத்த பழைய டிவிஆர் அமைப்பு நன்றாக ஓடுகிறதா: அது ஓடும்வரை ஓடட்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வேலை மிச்சம். பூச்சு வேலைக்கு முன்னால் வாசல், மாடிப்படி, மொட்டை மாடி, ஹால் கூரை நான்குக்கும் பைப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு முழுச் செம்பு கேபிள் இழுத்து, இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். கேமரா அடுத்த வருடம் வாங்கினால்கூடப் போதும். கொத்தனார் பூசிவிட்ட பிறகு அந்த வாய்ப்பு திரும்பி வராது.