கை பழகணும், கால் ஊணணும்



இந்த முறை சேமிப்பு, தவணை, வங்கி இணைப்பு பற்றி எழுதவில்லை. குழந்தைகளின் கை கால் வளர்ச்சி பற்றித்தான் பேசப் போகிறோம். ஆனாலும் பேச்சு ஒரு கடன் விண்ணப்பத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறது.

குள்ளஞ்சாவடிப் பக்கத்தில் நம் குழு ஒன்றில் ஓர் உறுப்பினர், பேரனுக்கு வைத்தியச் செலவு என்று 8,000 ரூபாய் கடன் கேட்டார். தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே கொடுத்துவிட்டோம். என்ன வைத்தியம், யார் பார்க்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பணம் எண்ணெய் தேய்க்கிறவருக்கும், சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கர் ஒன்றுக்கும் போனது. பையனுக்கு அப்போது 20 மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான், தனியாக ஓர் அடி வைக்க மாட்டான். "அவங்கப்பனும் ரெண்டு வயசுலதான் நடந்தான், பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். நாங்களும் ஆமாம் போட்டோம்.

அதைவிட எங்களை உறுத்துவது வேறொன்று. 7 மாதக் கைக்குழந்தையாக அவனைக் கூட்டத்துக்குத் தூக்கி வருவார்கள். எதை நீட்டினாலும் வலது கையால்தான் பிடிப்பான். இடது கை முட்டி மடக்கியபடியே இருக்கும். "இப்பவே சோத்துக்கை பழகிட்டான் பாரு, கெட்டிக்காரன்" என்று கொஞ்சியது நாங்கள்தான். ஒரு வயதுக்குள் குழந்தைக்கு இரண்டு கையும் ஒன்றுபோலத்தான் வேலை செய்ய வேண்டும். ஒரே கையை மட்டும் நீட்டினால், மற்ற கைக்கு ஏதோ சிரமம் இருக்கிறது என்று அர்த்தம். இது எங்களுக்குத் தெரிய வந்தபோது ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

அவனுக்கு இருந்தது மூளை முடக்குவாதம், அதிலும் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதித்த வகை. பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். குழந்தை வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச நாளிலோ மூளையில், கை கால் அசைவை நடத்துகிற இடத்தில் ஏற்படும் பாதிப்பு இது. தொற்றாது. அந்த மூளைப் பாதிப்பு நாளுக்கு நாள் பெருகிக்கொண்டும் போகாது. தாய் கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, முன்வினையாலோ வருவதும் இல்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசை இறுகும், மூட்டு மடங்கியே நிற்கும், குழந்தை அந்தக் கையையே மறந்துவிடும். சின்ன வயதில் மூளை புதிய வழிகளைக் கற்றுக்கொள்ளும் வேகம் அதிகம். அதனால்தான் முதல் 2, 3 வருஷத்துக்கு அத்தனை மதிப்பு.

எது தாமதம், எது இல்லை?

எல்லாக் குழந்தையும் ஒரே நாளில் நடக்காது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைக் கவனித்து, 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிக்காமல் உட்காருவது சுமார் 4 மாதம் முதல் 9 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8 மாதம் முதல் பதினேழரை மாதத்துக்குள். ஆக 10 மாதத்தில் நடந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, 14 மாதத்தில் நடக்காத நம் பிள்ளையை நினைத்து அழ வேண்டியதில்லை. 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை என்றால் காட்டியாக வேண்டும். கைகால் ஊன்றித் தவழாமலே எழுந்து நடந்த குழந்தைகளும் அந்தக் கணக்கில் 100-க்கு 4 பேர் இருந்தார்கள், அது மட்டும் தனியாகக் குறை இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த நாளில் இருந்து எண்ணாமல், டாக்டர் குறித்த பிரசவத் தேதியில் இருந்து மாதம் எண்ண வேண்டும்.

4 மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை, கை எப்போதும் முட்டி மடக்கியே இருக்கிறது, தூக்கினால் துணிபோலத் தொங்குகிறது அல்லது கட்டைபோல விறைக்கிறது, துணி மாற்றும்போது தொடை விரிய மறுக்கிறது, நேற்று வரை செய்ததை இன்று செய்வதில்லை. இதில் எது இருந்தாலும் வயது பார்த்துக் காத்திருக்கக் கூடாது. பிறந்ததும் அழாத குழந்தை, எடை மிகக் குறைந்த குழந்தை, மஞ்சள் காமாலை முற்றிய குழந்தை, பிறந்த வாரத்திலேயே வலிப்பு வந்த குழந்தை, இவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் என்ன?

பிசியோதெரபி நமக்குத் தெரியும், இயன்முறை சிகிச்சை. தசைக்கும் மூட்டுக்கும் பலம் கொடுத்து உட்கார, நிற்க, நடக்க வைப்பது. ஆக்குபேஷனல் தெரபியைச் செயல்முறைப் பயிற்சி என்றும், தொழில்வழி சிகிச்சை என்றும் சொல்கிறார்கள். தொழில் என்றதும் தையல் கற்றுக்கொடுப்பதா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். குழந்தைக்குத் தொழில் என்ன? சாப்பிடுவது, பல் தேய்ப்பது, சட்டை மாட்டுவது, விளையாடுவது, எழுதுவது. அந்தக் காரியங்களைக் குழந்தை தன் கையால் செய்ய வைப்பதுதான் இந்த சிகிச்சை. நம் நாட்டில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியை 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் என்ற அம்மா தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

பையனைக் கடைசியில் பயிற்சியாளரிடம் கொண்டு போனபோது பாட்டி எதிர்பார்த்தது மெஷின், ஊசி, டானிக். பயிற்சியாளரோ ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, "இதை அவனே உரிக்கட்டும்" என்றார். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "பஸ் ஏறி வந்தது இதுக்கா?" பிறகுதான் விளக்கினார். பழத்தை ஒரு கையால் உரிக்க முடியாது. ஒரு கை பிடிக்கணும், ஒரு கை உரிக்கணும். பிடிக்கிற வேலையை இடது கைக்குக் கொடுங்கள், மெதுவாக அது விழித்துக்கொள்ளும் என்றார். சொம்பை இரண்டு கையால் தூக்குவது, சப்பாத்திக் கட்டையை உருட்டுவது, பட்டாணி உரிப்பது, ஈரத்துணி பிழிவது எல்லாமே இரண்டு கை வேலை. மாதம் ஒருமுறை அரைமணி நேரம் பார்க்கிற பயிற்சியாளரால் மட்டும் எதுவும் நடக்காது, மீதி நாளெல்லாம் வீட்டில்தான் சிகிச்சை என்றும் சொல்லி அனுப்பினார்.

இதில் நமக்குத்தான் கஷ்டம். பாசத்தில் எல்லாம் நாமே செய்துவிடுகிறோம். 3 வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஊட்டிவிடுகிறோம். காலையில் முந்திரிக்காட்டு வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ கிளம்பும் அவசரத்தில் பொத்தானை நாமே போட்டுவிடுகிறோம். அவசரம் நியாயம்தான். அதனால் காலையில் விட்டுவிடுங்கள், சாயங்காலம் சட்டை கழற்றும்போது 10 நிமிஷம் கொடுங்கள். மேல் பொத்தான்களை நாம் கழற்றிவிட்டு கடைசி ஒன்றை மட்டும் அவன் கழற்றட்டும். கடைசி வேலை அவனுடையது என்றால் முடித்த சந்தோஷமும் அவனுடையது.

உட்கார வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. உடம்பு ஆடினால் கை வேலை செய்யாது. சாயாமல் உட்கார முடியாத குழந்தையைச் சுவர் இரண்டும் சேரும் மூலையில் உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் அணைப்பு கிடைக்கும், கை விடுதலையாகும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தொங்கக் கூடாது, செங்கல் மேல் பலகை போட்டுப் பாதம் ஊன்ற வையுங்கள். காசு செலவில்லை.

தூளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தூங்கத் தூளி நல்லதுதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் தூளியிலேயே கிடந்தால் குழந்தைக்குக் குப்புறக் கிடந்து தலை தூக்கவும், கை ஊன்றவும் வாய்ப்பே கிடைக்காது. விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருக்கும்போது, பாயில் குப்புறப் போட்டுப் பழக்குங்கள். முதலில் 2, 3 நிமிஷம் போதும். தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்க.

வாக்கர் விஷயத்துக்கு வருகிறோம். குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் சக்கர வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டு வராது. குழந்தை நுனிக்காலால் தள்ளிப் பழகும், படியில் உருளும், அடுப்பை எட்டும். கனடா நாட்டில் 2004-இல் அதை விற்கவே தடை போட்டார்கள். நம் தாத்தா காலத்து மூன்று சக்கர மர நடைவண்டி வேறு ரகம். தானாக எழுந்து நிற்கிற பிள்ளை அதைப் பின்னால் இருந்து தள்ளும்போது தன் காலில்தான் நிற்கிறது. வண்டி வேகமாக ஓடினால் முன்னால் ஒரு செங்கல்லைக் கட்டி வையுங்கள்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்

எல்லாக் கைச் சிரமமும் முடக்குவாதம் அல்ல. சில பிள்ளைகள் ஓடும், ஆடும், ஆனால் பென்சிலைப் பிடித்தால் இரண்டு வரியில் கை வலிக்கிறது என்னும், பலப்பம் உடையும் அளவுக்கு அழுத்தும், கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்காது. "சோம்பேறி" என்று திட்டு வாங்கும். கையெழுத்து விரலில் மட்டும் இல்லை, தோளில் இருந்து ஆரம்பிக்கிறது. அதனால் முதலில் மேல்கைக்கு வேலை கொடுங்கள். சின்னக் குடத்தில் பாதித் தண்ணீர் தூக்கட்டும். சுவரில் தண்ணீரைத் தொட்டு ஈரத்துணியால் பெரிய வட்டம் போடட்டும். வாசலில் கோலப்பொடி எடுத்துப் புள்ளி வைக்கட்டும், ஆண் பிள்ளையும் வைக்கலாம், குறைந்து போகமாட்டான். முழுச் சாக்பீஸைவிட உடைந்த துண்டுச் சாக்பீஸ் நல்லது, சின்னதாக இருந்தால் விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும்.

நம் பழைய விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கும் சாமான்களுக்குக் குறைவாக நினைக்காதீர்கள். பல்லாங்குழியில் 14 குழிக்கும் ஒவ்வொரு புளியங்கொட்டையாகப் போடும்போது, கை நிறைய வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் விடுகிறது பாருங்கள், பென்சிலுக்குத் தேவையான விரல் நுணுக்கம் அதுதான். பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக்கால் நிலைப்பு வருகிறது. அஞ்சாங்கல்லில் கண்ணும் கையும் சேர்கின்றன. ஆனால் 3 வயதுக்குட்பட்ட குழந்தை கையில் புளியங்கொட்டை, மணி, பட்டாணி கொடுத்துவிட்டு நகரக் கூடாது, தொண்டையில் சிக்கும், மூக்கில் போட்டுக்கொள்ளும். நம் பகுதிக்காக இன்னொன்றும் சொல்கிறோம். வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிற சகோதரிகள் நிறையப் பேர். ஓட்டில் இருக்கும் எண்ணெய் நம் கையையே பொத்துவிடும். விரல் பழகட்டும் என்று பிள்ளைகளை அதன் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

எங்கே போவது?

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டப்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை வருஷத்துக்கு 2 முறையும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறையும் பரிசோதிக்க வேண்டும். வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே குழந்தை மருத்துவரோடு பயிற்சியாளர்களும் இருக்க வேண்டும் என்பது திட்டம். மருத்துவக் குழு வரும் தேதியை அங்கன்வாடிப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டால் ஆறு மாதம் போய்விடும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் மூலம் வட்டார வள மையத்தைக் கேளுங்கள். அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் கடலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

மருத்துவமனை தூரம், பயிற்சியாளர் குறைவு என்பது நம் மாவட்டத்துக்கு மட்டும் உள்ள குறை இல்லை. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அங்கே கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்புகிறார்கள். பயிற்சியாளர் போட்டுக்கொடுத்த பாடத்தைத் தாயோடு உட்கார்ந்து செய்து காட்டுவது அவர்கள் வேலை. அந்தப் பெண்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

நம் பையனுக்கு இப்போது 4 வயது முடிந்துவிட்டது. இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான், அது முழுதும் சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை. சாப்பிடும்போது இடது கை தட்டைப் பிடித்துக்கொள்கிறது. 7 மாதத்தில் பார்த்திருந்தால் இன்னும் எவ்வளவு வந்திருக்கும் என்று பாட்டி கேட்பார். எங்களிடம் பதில் இல்லை. வாக்கர் பரணில் கிடக்கிறது. கடன் அடைந்துவிட்டது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

நம் குழுவில் உள்ள 12 குடும்பமோ 20 குடும்பமோ, அந்த வீடுகளில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? மேலே சொன்ன அடையாளம் யாருக்காவது இருக்கிறதா? அந்தத் தாயிடம் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்காமல், வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்ல யார் பொறுப்பெடுத்துக்கொள்வது?

கடலூர் போகும் நாளில் அந்தத் தாய்க்குக் கூலி போகும். துணைக்கு ஓர் உறுப்பினர் போக முடியுமா? மற்றப் பிள்ளைகளை அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வது?

வைத்தியச் செலவுக்கு ஒருவர் கடன் கேட்கும்போது, "எந்த டாக்டர்கிட்ட காட்டுனீங்கக்கா?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகுமா? கேட்கலாம் என்றால் எப்படிக் கேட்பது, யார் கேட்பது? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.