நூலளவு பிழை எவ்வளவு தூரம் போகும்?



முதலாண்டு பட்டறையில் நான் கடைந்த ஜாப் 0.1 மி.மீ. குறைஞ்சு போச்சு. "0.1 தானே சார்" என்றேன். அவர் பேசாமல் ஜாப்பைத் திருப்பித் தந்துவிட்டார். வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்; அப்பா கொத்தனார். "அடியில நூலளவு சாஞ்சா உச்சியில முழ அளவு சாயும்டா" என்றார்.

அப்பா சொன்னது எவ்வளவு உண்மை என்பது, எறிபொருள் இயக்கம் பற்றிய செமினாருக்குப் படித்தபோதுதான் புரிந்தது. நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் பாடம் அதில்தான் கிடைத்தது.

அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி நாய் என்றொரு பிராணி உண்டு. பெயர்தான் நாய், அணில் குடும்பம். மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டுவதால் பண்ணைக்காரர்களுக்குத் தொல்லை. இதை 300, 400 மீட்டரிலிருந்து சுடுபவர்களில் பலர் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கிறார்கள். இதற்கு ஹேண்ட்லோடிங் என்று பெயர்.

பித்தளைக் கூடுகளை ஒரே நீளத்துக்கு வெட்டுகிறார்கள். மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார்கள் (1 கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம்). குண்டை ஒரே ஆழத்தில் பொருத்துகிறார்கள். மருந்தளவைக் கையேட்டின் குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். உச்ச அளவைத் தாண்டினால் துப்பாக்கியே வெடிக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார்கள். ரெண்டை மாத்தினா எதனால் பலன் வந்துச்சுன்னு தெரியாதே!

இத்தனை பாடு ஏன்? கணக்குப் போடுவோம். காற்றுத் தடையை விட்டுவிடுவோம். ஒரு குண்டின் வேகம் நொடிக்கு 1000 மீட்டர், மற்றொன்று 980. 100 மீட்டரில் இரண்டும் விழும் அளவில் வித்தியாசம் வெறும் 0.2 செ.மீ. 400 மீட்டரில் ஒன்று 78.5 செ.மீ. விழும், மற்றது 81.7. வித்தியாசம் 3.2 செ.மீ.! தூரம் 4 மடங்கு, பிழை 16 மடங்கு. விழும் அளவு நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? காற்றையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

இன்னொன்று. குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்து, இலக்கு மட்டும் தள்ளிப்போனால் ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்யலாம். சிதறினால் எந்தத் திருகும் உதவாது.

சுவர் சாய்வது உயரத்துக்கு நேர்விகிதம். குண்டு விழுவது வர்க்க விகிதம். அப்பாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப தூக்குக்குண்டை இன்னும் கவனமாப் பிடிக்கணும்" என்றார்.

இப்போது நான் மைக்ரோமீட்டரை இரண்டு தடவை பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள், தோழர்களே!