கோட்டுக்குள் இருந்தால் சரக்கு நல்லதா?

கோலார் தங்கவயலில் தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். அதற்குப் பிறகு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் பெரும்பாலும் ரயில்தான். மாரிகுப்பம், சாம்பியன், உரிகம் என்று கூட்டம் சேர்த்துக்கொண்டு பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு ஓடும் வண்டிகளில் விடியற்காலையில் ஏறுகிறவர்களில் லைன் இன்ஸ்பெக்டர்களும் குவாலிட்டி இன்ஜினியர்களும் உண்டு. உள்ளூரிலேயே பெமல் தொழிற்சாலை இருக்கிறது. பக்கத்தில் மாலூர், நரசாபுரா கம்பெனிகள். டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து நாலைந்து வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு அடுத்த படி ஏற ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. அப்படித்தான் அமெரிக்கன் சொசைட்டி ஃபார் குவாலிட்டி நடத்தும் சி.க்யூ.இ. (சர்டிஃபைடு குவாலிட்டி இன்ஜினியர்) தேர்வுப் புத்தகம் டிபன் பாக்ஸோடு பைக்குள் ஏறுகிறது.

அந்தத் தேர்வில் ஆளைத் தடுக்கிவிடுகிற பாடம் எஸ்.பி.சி. என்கிற புள்ளியியல் செயல்முறைக் கட்டுப்பாடு. கணக்கு கஷ்டமில்லை, பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். ஷாப் ஃப்ளோரில் வருஷக்கணக்காகக் காதில் விழுந்து ஊறிப்போன நம்பிக்கைகள்தான் மார்க்கைத் தின்கின்றன.

நம்பிக்கை: புள்ளியெல்லாம் கன்ட்ரோல் லிமிட்டுக்குள் இருக்கிறது, ஆகவே சரக்கு ஓகே.

டிராயிங்கில் உள்ள டாலரன்ஸை டிசைன் இன்ஜினியர் எழுதுகிறார். மெஷினுக்கு அது தெரியாது. கன்ட்ரோல் லிமிட் என்பது மெஷின் தந்த அளவுகளிலிருந்தே கணக்கிட்டு எடுப்பது. ‘இந்த அளவுக்கு ஆடுவது என் வழக்கம்’ என்று மெஷின் தன்னைப் பற்றிச் சொல்கிற வாக்குமூலம் அது. இரண்டுக்கும் சம்பந்தம் இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். புல்டோசர் செயினில் போகும் ஒரு பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 25 மி.மீ., கூட்டல் கழித்தல் 0.05. மணிக்கு ஐந்து பின் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து 25 குரூப் சேர்த்தாயிற்று. சராசரிகளின் சராசரி 25.012. ரேஞ்சுகளின் சராசரி, அதாவது ஆர்-பார், 0.040. ஐந்து ஐந்தாக எடுத்த குரூப்புக்கு டேபிளில் ஏ2 மதிப்பு 0.577. இரண்டையும் பெருக்கினால் 0.023. எக்ஸ்-பார் சார்ட்டில் மேல்கோடு 25.035, கீழ்க்கோடு 24.989. புள்ளிகள் அத்தனையும் உள்ளே. மேல்கோடுகூட 25.05ஐத் தொடவில்லை. டீ குடிக்கப் போகலாம் என்றுதான் தோன்றும்.

அந்தக் கோடுகள் ஐந்து பின்னின் சராசரிக்குப் போட்டவை. வண்டியில் சராசரியை மாட்ட முடியாது, ஒவ்வொரு பின்னாகத்தான் மாட்டவேண்டும். தனிப் பின்னின் பரவலைச் சொல்லும் சிக்மா வேண்டுமென்றால் ஆர்-பாரை 2.326ஆல் வகுக்க வேண்டும்: 0.0172. அதன் மும்மடங்கு 0.052. ஆக, பின்கள் 25.064 வரை போகும். பரவல் மணி வடிவம் என்று கொண்டால், நூறு பின்னில் ஒன்றுக்குச் சற்று மேலாக டாலரன்ஸைத் தாண்டிவிடும். டாலரன்ஸுக்குள் மெஷின் எவ்வளவு தாராளமாக அடங்குகிறது என்று சொல்லும் சி.பி.கே. வெறும் 0.74. கஸ்டமர் கேட்பது வழக்கமாக 1.33. இந்த மெஷின் துளி தடுமாற்றமும் இல்லாமல், ஒரே சீராகக் கெட்ட சரக்கைத் தந்துகொண்டிருக்கிறது. மையத்தைக் கச்சிதமாக 25க்கு இழுத்து வைத்தாலும் 0.97தான் வரும். பரவலைக் குறைக்காமல் வழியில்லை.

தலைகீழாகவும் நடக்கும். புள்ளி கோட்டைத் தாண்டும், பின்னோ டாலரன்ஸுக்குள் இருக்கும். சரக்கைத் தாராளமாக அனுப்பலாம், ஆனால் மெஷினுக்கு என்னவோ ஆகியிருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும். சி.க்யூ.இ. தேர்வில் இந்த இரண்டு நிலையையும் கலந்து கேட்பார்கள்.

நம்பிக்கை: எக்செல் இருக்கிறதே, 125 அளவையும் போட்டு ஸ்டாண்டர்டு டீவியேஷன் எடுத்தால் லிமிட் வந்துவிடும்.

வரும், தப்பாக. நைட் ஷிஃப்டில் டூல் மாற்றியதால் சராசரி நகர்ந்திருந்தால் அந்த நகர்வையும் எக்செல் சிக்மாவுக்குள் சேர்த்துவிடும். கோடுகள் அகலும், பிடிபட வேண்டிய புள்ளி உள்ளேயே நிற்கும். அடுத்தடுத்து வந்த ஐந்து பின்னுக்குள் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதற்காகத்தான் குரூப், ரேஞ்சு என்ற ஏற்பாடெல்லாம். குரூப்பை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. அதைச் சூத்திரம் சொல்லித்தராது.

நம்பிக்கை: அளவு கொஞ்சம் நகர்ந்தாலும் உடனே ஆஃப்செட் கொடுப்பவன்தான் நல்ல ஆபரேட்டர்.

எனக்குத் தெரிந்து தொழிற்சாலைக்கு அதிகச் செலவு வைக்கிற நம்பிக்கை இது. ஆள் சுறுசுறுப்பானவர், சூப்பர்வைசருக்குப் பிடித்தவர். பின் 0.01 பெரிதாக வந்தால் 0.01 குறைப்பார், அடுத்தது சிறிதானால் கூட்டுவார். மெஷினின் இயல்பான ஆட்டத்தோடு இவர் கையின் ஆட்டமும் சேர்ந்துகொள்கிறது.

தரக்கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங் இதைப் புனலும் கோலிக்குண்டும் வைத்துக் காட்டுவார். மேஜையில் ஒரு புள்ளி, அதற்கு நேர் மேலே புனல். புனலை அசைக்காமல் குண்டு போட்டால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் விழும். குண்டு விலகிய தூரத்துக்கு ஒவ்வொரு முறையும் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தினால் வேரியன்ஸ் இரண்டு மடங்காகிறது. பரவல் ஏறக்குறைய 1.4 மடங்கு. ஒன்றும் செய்யாமல் இருந்தவரைவிட உழைத்தவர் அதிக ரிஜெக்‌ஷன் தருகிறார்!

ஒற்றை அளவை நம்பி ஏமாறும் இந்த விஷயம் தங்கம் எடுத்த ஊருக்கு அந்நியமாக இருக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிகே என்ற இன்ஜினியர் 1951இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சாம்பிளை நம்பி ‘தங்கம் செறிந்தவை’ என்று குறித்த பாளங்களை வெட்டி எடுத்தால் சொன்ன அளவு தங்கம் கிடைப்பதில்லை. மட்டம் என்று ஒதுக்கியவையோ எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கும். சாம்பிளில் பாறையின் குணத்தோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது என்பதுதான் காரணம். இன்று உலகச் சுரங்கங்கள் பயன்படுத்தும் கிரிகிங் கணக்கு முறைக்கு அவர் பெயர்தான். ஒற்றை அளவைப் பார்த்து ஆஃப்செட் தட்டுகிறவர், ஒற்றைச் சாம்பிளைப் பார்த்துச் சுரங்கம் வெட்டியவர் செய்த தப்பையே செய்கிறார்.

சார்ட் பார்ப்பவர்களிடமும் இதே அவசரம் உண்டு. புள்ளி கோட்டைத் தாண்டும்வரை காத்திருக்காமல், எட்டுப் புள்ளி ஒரே பக்கம், மூன்றில் இரண்டு ஓரத்தில் என்று வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி 1956இல் வகுத்த விதிகளை எல்லாம் ஒன்றாகப் போட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். புள்ளி கோட்டைத் தாண்டுவது என்ற முதல் விதி மட்டும் என்றால் சராசரியாக 370 புள்ளிக்கு ஒரு பொய் எச்சரிக்கை வரும். நான்கு விதிகளையும் போட்டால் அது 92 புள்ளிக்கு ஒன்றாகிவிடும். மணி அடிக்கடி அடித்தால் யாரும் ஓடிவர மாட்டார்கள்.

நம்பிக்கை: டேட்டா நார்மலாக இல்லாவிட்டால் கன்ட்ரோல் சார்ட் போடவே கூடாது.

கன்ட்ரோல் சார்ட்டை உருவாக்கிய ஷூஹார்ட், கோடுகளுக்கு மூன்று சிக்மாவைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் சிக்கனம். வீணாகத் தேடி அலைவதன் செலவையும், கோளாறைத் தவறவிடுவதன் செலவையும் எடைபோட்டு, அனுபவத்தில் மூன்று சரிப்பட்டு வருகிறது என்றார். பரவல் எந்த வடிவமானாலும் குறைந்தது 89 சதவீதம் மூன்று சிக்மாவுக்குள் அடங்கும், நடைமுறையில் அதைவிட வெகு அதிகம். நார்மலா என்று பார்த்தே ஆகவேண்டிய இடம் சி.பி.கே.யிலிருந்து ரிஜெக்‌ஷன் சதவீதம் சொல்லும்போதுதான். மேலே நான் பின்னுக்குச் சொன்னதும் அந்த நிபந்தனையோடுதான்.

நம்பிக்கை: இதெல்லாம் ஜப்பான்காரன் கண்டுபிடித்தது.

வால்டர் ஷூஹார்ட் முதல் கன்ட்ரோல் சார்ட்டை வரைந்து மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பாக அனுப்பியது 1924 மே 16, அமெரிக்காவில். டெமிங் ஜப்பானில் புகழ்பெற்ற வகுப்புகளை எடுத்தது 1950இல். அதற்கு முன்பே, 1947 கடைசியில், இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மஹலனோபிஸின் அழைப்பில் ஷூஹார்ட்டே இந்தியா வந்து அங்கே சில மாதம் தங்கினார். 1950களில் அந்தக் கழகம் பெங்களூரிலும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு தொடங்கியது. நம் வீட்டுக்கு முதலில் வந்த விருந்தாளியை அடுத்த தெருக்காரர் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார், அவ்வளவுதான் கதை.

நம்பிக்கை: சிக்ஸ் சிக்மா என்றால் பத்து லட்சத்துக்கு 3.4 பழுது.

மனப்பாடமாகச் சொல்லலாம், ஆனால் மையம் 1.5 சிக்மா நகரும் என்று மோட்டரோலாவில் சேர்த்துக்கொண்ட அனுமானத்தோடுதான் அந்த எண். மையம் நகராவிட்டால் நூறு கோடிக்கு இரண்டு. கேள்வியில் எது கேட்கப்படுகிறது என்று படித்துவிட்டு டிக் செய்யுங்கள்.

நம்பிக்கை: சி.க்யூ.இ. புத்தகம் திறந்து எழுதும் தேர்வு, ஆகவே படிக்க வேண்டியதில்லை.

கேள்விகள் 175. அதில் 15 சோதனைக்காக வைத்தவை, மதிப்பெண் கிடையாது, எவை என்றும் தெரியாது. நேரம் ஐந்தேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல், கேள்விக்கு இரண்டு நிமிஷம்கூட இல்லை. ஏ2 எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடினால் போயிற்று. டேபிள் பக்கங்களுக்கு ஒட்டுச்சீட்டு போடுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் லைனில் ஒரு அளவை எடுத்து, 25 குரூப்புக்குக் கையால் சார்ட் போட்டுப் பாருங்கள். தப்பு விடைக்கு மைனஸ் மார்க் இல்லை. தெரியாத கேள்வியையும் காலியாக விட்டு வராதீர்கள்.