விடுபடு குறி

கணிப்பொறி இன்ன செயலை இன்ன முறையில் செய்தல் வேண்டும் என்று மனிதன் எழுதித் தரும் ஆணைத் தொகுதிக்கு நிரல் என்பது பெயர். நிரலில் இருவகைப் பகுதிகள் உண்டு. ஒன்று, கணிப்பொறி பின்பற்ற வேண்டிய ஆணை. மற்றொன்று, அது பொருள் ஆராயாது அப்படியே ஏந்திச் செல்ல வேண்டிய எழுத்துத் தொடர். இதனைச் சரம் என்பர். சரத்தின் இருபுறமும் மேற்கோட்குறி இடுவது பெரும்பாலான நிரல்மொழிகளின் வழக்கம். முதற்குறியைக் கண்டதும் சரம் தொடங்கிற்று என்றும், அடுத்த குறியைக் கண்டதும் அது முடிந்தது என்றும் கணிப்பொறி கொள்ளும்.

ஆனால், சரத்தினுள்ளேயே மேற்கோட்குறி வருமாயின் என் செய்வது?

"அவன் "வா" என்றான்"

இவ்வாறு எழுதினால், ‘அவன்’ என்னும் சொல்லை அடுத்த குறியோடு சரம் முடிந்ததெனக் கணிப்பொறி கருதும். எஞ்சிய ‘வா’ என்பதை ஆணையாக எண்ணித் திகைத்து நின்றுவிடும். குறிப்பறிந்து பொருள் கொள்ளுதல் மனிதர்க்கு எளிது. பொறிக்கு அவ்வாற்றல் இல்லை.

இவ்விடரைத் தீர்ப்பதே விடுபடு குறியாகும். 1972ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில், இப்பணி பின்சாய்கோட்டிற்கு அளிக்கப்பட்டது. அதற்கு முன்னிருந்த பி மொழியில் இதே தொழிலை உடுக்குறி செய்துவந்தது. பின்னர்த் தோன்றிய ஜாவா, பைத்தான் முதலியன சி மொழியின் வழக்கையே மேற்கொண்டன.

"அவன் \"வா\" என்றான்"

ஈண்டுச் சாய்கோட்டை அடுத்த மேற்கோட்குறி, சரத்தை முடிக்கும் தன் தொழிலினின்று விடுபட்டு, வெறும் எழுத்தாய் நிற்கிறது. தமிழில் புள்ளி, தான் ஏறிய எழுத்தின் இயல்பை மாற்றும்; சாய்கோடோ தன்னை அடுத்து வருவதன் இயல்பை மாற்றும்.

எளிய எழுத்திற்குப் புதுத்தொழில் தருவதும் உண்டு. சாய்கோட்டை அடுத்து ‘என்’ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து வந்தால் புதிய வரி தொடங்கும். சாய்கோட்டையே எழுத விரும்பினால் அதனை இருமுறை எழுதுதல் வேண்டும். விண்டோஸ் கணிப்பொறிகளில் கோப்புறைப் பெயர்களைப் பிரிப்பதும் இச்சாய்கோடே ஆதலால், இவ்விதியை மறந்து இடர்ப்படுவோர் பலர். நியூ என்னும் ஆங்கிலப் பெயருடைய கோப்புறையின் முன் ஒற்றைச் சாய்கோடு இட்டால், அப்பெயரின் முதலெழுத்து மறைந்து வரி முறியும்; கணிப்பொறி அங்ஙனம் ஒரு கோப்புறை இல்லை என்று கூறிவிடும்.

பிறர் தரும் உரையை நிரலே சரமாக மாற்ற நேரும்போது இன்னும் விழிப்பு வேண்டும். மேற்கோட்குறிகளின் முன் சாய்கோடு சேர்த்தால் போதும் எனத் தோன்றும். போதாது. உரையில் முன்னமே \" என்று இருப்பின், அது \\" என ஆகும். சாய்கோடுகள் இரண்டும் ஓரிணையாகி ஒரு சாய்கோட்டைக் குறிக்க, மேற்கோட்குறி காவலின்றி நின்று சரத்தை முடித்துவிடும். ஆதலின் முதலில் சாய்கோடுகளை இரட்டித்து, அதன்பின்னரே மேற்கோட்குறிகளைக் காத்தல் முறை. இவ்வரிசையை மாற்றினால், காவலுக்குச் சேர்த்த சாய்கோடும் இரட்டிக்கப்பட்டுக் காவல் பயனற்றுப் போகும்.

தரவுத்தளங்களுக்கு உரிய எஸ்.கியூ.எல். மொழியில் சரத்தின் எல்லை ஒற்றை மேற்கோட்குறி. சரத்தினுள் அக்குறி வருமிடத்து அதனை இரட்டித்து எழுதுவர். இதனைக் கருதாத நிரலில், ஓ'பிரையன் என்னும் அயர்லாந்துக் குடும்பப் பெயரே பிழையாகிவிடும். அவர் செய்த குற்றம் யாதுமில்லை. தீயோரோ பெயர் எழுதும் இடத்தில் வேண்டுமென்றே மேற்கோட்குறியை இட்டுச் சரத்தை முடித்து, அதனை அடுத்துத் தம் ஆணையை எழுதிவிடுவர். பிறருடைய பதிவேடுகளைப் படிக்கவும் அழிக்கவும் இதனால் இயலும். 1998ஆம் ஆண்டிலேயே இத்தாக்குதல் வெளிப்படையாக விளக்கப்பட்டது. எனவே, தேர்ந்த நிரலர் குறிகளை மட்டும் நம்பியிராமல், ஆணையை முன்னதாக அனுப்பி, அதில் ஒழித்துவைத்த இடத்திற்குரிய சரத்தைத் தனியே அனுப்புவர். அங்ஙனம் வரும் சரத்தில் மேற்கோட்குறிகள் எத்துணை இருப்பினும், தரவுத்தளம் அவற்றை எழுத்துகளாகவே கொள்ளும்.