பழைய மோட்டாரும் கழற்றிய பாகங்களும்

கேள்வி: என் பாட்டனார் காலத்து 1938ஆம் வருஷ எம்.ஜி. டி.ஏ. காரை, அசல் மரமும் தோலும் கொண்டே புதுப்பித்துத் தருவதாக எழுதிக் கொடுத்த ஒரு பட்டறையில் விட்டேன். ஆஷ் மரச் சட்டத்திற்குப் பதில் பிளைவுட்டும், தோல் ஆசனத்திற்குப் பதில் ரெக்சினும் வைத்துவிட்டார்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டால் பதில் இல்லை. பாக்கியைக் கட்டினால்தான் வண்டி என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- கோவை வாசகர்

பதில்: தாங்கள் இறுதியில் கேட்டிருக்கும் கழற்றிய பாகங்களைப் பற்றியே முதலில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் புதிய ஆஷ் மரத்தை இன்றும் தருவித்துக்கொள்ளலாம், தோலையும் தைத்துக்கொள்ளலாம், ஆனால் தொழிற்சாலையில் இழைத்துப் பொருத்திய பழைய மரம், சிதிலமடைந்திருந்தாலும், புதிய சட்டத்திற்கு அளவாகவும் வண்டியின் சரித்திரத்திற்குச் சாட்சியமாகவும் விளங்குவதாகையால், அது ஒருமுறை விறகாகிவிட்டால் எந்த நியாயஸ்தலமும் அதை மீட்டுத் தர இயலாது. அவை தங்கள் சொத்து. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேலைக்காக ஒப்புவிக்கப்பட்ட பொருளை, அவ்வேலை முடிந்ததும் திருப்பித் தரப் பட்டறைக்காரர் கடமைப்பட்டவர். ஆகவே, பாகங்களைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்டு, தாமதமின்றி வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

பாகங்கள் மாறியதனால் வண்டியே வேறாகிவிட்டதோ என்ற ஐயமும் தங்களுக்கு எழலாம். 1929, 1930 ஆகிய இரு வருஷங்களிலும் லே மான் பந்தயத்தில் வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி காரை வாங்க ஒப்பியவர்கள், அதன் பாகங்களிற் பெரும்பாலானவை மாறிவிட்டமையால் அது பழைய வண்டியே அன்று எனக் கூறிப் பின்வாங்கியபோது, 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன், இடையறாத சரித்திரத்துடன் ஒரே வண்டியாகப் படிப்படியாய் மாறி வந்ததனால் அதுவே மெய்யான 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று தீர்ப்பளித்தார். பிளைவுட் ஏறியதனாலேயே தங்கள் வண்டி தன் அடையாளத்தை இழந்துவிடவில்லை என்ற ஆறுதலை அத்தீர்ப்பு தருகிறது. பட்டறைக்காரர் அதைத் தமக்கு அரணாகக் கொள்ள முடியாது; தங்கள் வழக்கு அவர் எழுதிக் கொடுத்த வாக்கைப் பற்றியது.

செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ள மேற்படிச் சட்டத்தின் 170ஆம் பிரிவு இடம் தருகிறது என்பது உண்மையே. ஆயினும் அவ்வேலை ஒப்புவித்த நோக்கத்துக்கு இசைந்ததாயிருத்தல் வேண்டும் என்றும் அப்பிரிவே கூறுவதால், ரெக்சின் தைத்துவிட்டுத் தோலுக்குரிய கூலியைக் கேட்பது நியாயமாகாது. அப்படியிருந்தும், வண்டி அங்கேயே கிடந்து துருப்பிடிப்பதைவிட, ஆட்சேபணையுடன் செலுத்துவதாக எழுதிக் கொடுத்துப் பாக்கியைக் கட்டி, வண்டியை மீட்டு, ஒரு மோட்டார் பொறியாளரிடம் பரிசோதனை அறிக்கை பெற்று, அதன் பிறகு வழக்காடுவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த கட்டணம் 50 லட்சத்துக்கு மேற்படாதிருந்தால், தாங்கள் வசிக்கும் கோவையிலேயே மாவட்ட ஆணையத்தில், 2 வருஷங்களுக்குள் புகார் செய்யலாம். 50 வயது கடந்த வண்டிகளுக்கு 'வி.ஏ.' எண் வழங்கும் 2021ஆம் வருஷத்து விதிகள், அடிச்சட்டத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்யப்படாத மூல ரூபத்தை எதிர்பார்ப்பதால், பிளைவுட்டை அகற்றி ஆஷ் மரம் பொருத்தும் செலவையும் நஷ்டஈட்டில் சேர்த்துக் கேளுங்கள்.