காலை இழந்த நாய்: வீட்டார் கற்க வேண்டிய பாடம்

கொல்கத்தாவின் கிழக்கே விரிந்துள்ள நியூ டவுனின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் பல உள்ளன. அகன்ற சாலைகளும் விரைந்து செல்லும் வாகனங்களும் நிறைந்த இப்பகுதியில், கயிறு நழுவி ஓடும் நாய் நொடிப்பொழுதில் விபத்துக்குள்ளாகக் கூடும். வாகன விபத்து, எலும்புப் புற்றுநோய், நரம்புச் சிதைவு, ஆறாத சீழ்ப்புண் ஆகியவை நாயின் காலை நீக்க நேரிடுவதற்கான முக்கியக் காரணங்கள். ‘காலை எடுத்துவிட வேண்டும்’ என்று மருத்துவர் கூறும்போது, ‘மூன்று காலோடு இது எப்படி வாழும்? கருணைக்கொலையே மேலன்றோ?’ என்ற கேள்விகள் வீட்டாரின் மனத்தில் எழுகின்றன. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் அறிய வேண்டியவற்றையும், நாய் வீடு திரும்பிய பின் செய்ய வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நாய் இழப்பது எதனை?

கடும் வலியுள்ள காலை நாய் தரையில் ஊன்றுவதில்லை. அறுவைக்குப் பல நாட்கள் முன்பிருந்தே அது மூன்று கால்களில்தான் நடந்துகொண்டிருக்கிறது. நான்காவது கால் அதற்குத் துணையன்று. இழுத்துச் செல்ல வேண்டிய சுமை. அறுவை நீக்குவது அந்தச் சுமையையே. எனவேதான் பல நாய்கள் அறுவைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்து நிற்கின்றன; ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதிய நடைக்குப் பழகிவிடுகின்றன.

மனிதர் தம் உருவத்தைப் பிறர் எவ்வாறு காண்பர் என்று எண்ணி வருந்துவர். நாய்க்கு அத்தகைய கவலை இருப்பதாகத் தெரியவில்லை. வலி உண்டா, தரை வழுக்குகிறதா, உண்ண முடிகிறதா, தன் மக்கள் அருகில் உள்ளனரா என்பனவே அதற்கு முதன்மையானவை. இந்நான்கும் நம் கையில் உள்ளவை.

முடிவெடுக்கும் முன்

எல்லா நாய்களுக்கும் இவ்வறுவை பொருந்தும் என்று கூறுவதற்கில்லை. எஞ்சிய கால்களில் கடும் மூட்டுவாதம், இடுப்பு மூட்டுக் குறைபாடு, முதுகுத்தண்டு நோய், மிகுந்த உடற்பருமன் ஆகியவை இருப்பின் மருத்துவர் மிகக் கவனமாக ஆராய்வார். வயதும் பெரிய உடலமைப்பும் மட்டுமே தடையாவதில்லை.

எலும்புப் புற்றுநோயாயின் உண்மையை நேராக எதிர்கொள்ள வேண்டும். கால் நீக்கம் வலியைப் போக்கும். நோயை முற்றிலும் போக்கும் என்ற உறுதி இல்லை. நாய்களில் மிகுதியாகக் காணப்படும் எலும்புப் புற்றில், அறுவை மட்டும் செய்தால் பெரும்பாலும் சில மாதங்களே கிடைக்கின்றன. வேதிமருந்துச் சிகிச்சையும் சேர்ந்தால் ஏறத்தாழ ஓராண்டு வரை எதிர்பார்க்கலாம். நுரையீரலுக்கு நோய் பரவியுள்ளதா என்பதை அறிய மார்பு எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா என்று கேட்டறிதல் நன்று. அந்தச் சில மாதங்கள் வலியின்றி அமையுமா என்பதே அங்கு எழும் உண்மையான கேள்வி.

ஐயமிருப்பின் இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெறலாம். கொல்கத்தா இத்துறையில் நெடிய மரபுடைய நகரம். கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்னும் ஆங்கில ஓவியர் 1861இல் இங்கு விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். பெல்காச்சியாவில் 1893இல் தொடங்கப்பெற்ற வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்தே இன்றைய மேற்கு வங்கக் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகம் வளர்ந்தது. தமிழகத்தில் உள்ள வாசகர்களுக்குச் சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது.

முதல் இரண்டு வாரங்கள்

மிகக் கடினமான காலம் இதுவே. மயக்க மருந்தும் கடும் வலிநிவாரணிகளும் உடலில் இருக்கும் முதல் சில நாட்களில் நாய் முனகலாம், உண்ண மறுக்கலாம், நிலைகொள்ளாமல் தவிக்கலாம். ‘தவறு செய்துவிட்டோமோ’ என்று வீட்டார் கலங்குவது பெரும்பாலும் அந்நாட்களில்தான். அந்த மூன்று நான்கு நாட்களைக் கொண்டு முழு வாழ்வையும் எடைபோடலாகாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த வலிநிவாரணியைக் குறித்த நேரத்தில் தவறாது கொடுக்க வேண்டும். வீட்டில் நமக்கென வைத்திருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை நாமாகக் கொடுக்கக் கூடாது. அவை நாயின் கல்லீரல், இரைப்பை, சிறுநீரகம் ஆகியவற்றைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும். புண்ணை நக்காதிருக்கக் கழுத்தில் கூம்பு அணிவித்தல் அவசியம். தையல் பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாட்களில் பிரிக்கப்படும். அதுவரை குளிப்பாட்டக் கூடாது. புண்ணில் சீழ், துர்நாற்றம், மிகுந்த வீக்கம், இடைவிடாத குருதிக் கசிவு ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இக்காலத்தில் ஓட்டமும் குதித்தலும் கூடாது. இயற்கைக் கடனுக்காக மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே அழைத்துச் செல்லலாம். பின்கால் இழந்த நாய்க்கு ஒரு குளியல் துண்டை வயிற்றின் அடியில் தொட்டில்போல் கோத்து, இரு முனைகளையும் மேலே பிடித்துக்கொண்டால் போதிய தாங்கல் கிடைக்கும். முன்கால் இழந்த நாய்க்கு, முதுகில் கைப்பிடியுடைய மார்புப் பட்டை ஏற்றது. அது தையலின்மீது உராயாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். காலைத் தூக்கிச் சிறுநீர் கழித்துப் பழகிய ஆண் நாய் தொடக்கத்தில் தடுமாறும். சில நாட்களில் தானே புது நிலையைக் கண்டுகொள்ளும்.

தரையே முதல் மருந்து

புதிய குடியிருப்புகளில் காணும் பளபளப்பான டைல்ஸ் தரை, மூன்று கால் நாய்க்குப் பெரும் தடை. ஒருமுறை வழுக்கி விழுந்த நாய் அந்த இடத்தைக் கடக்கவே அஞ்சும். அது சோர்வன்று; தரையின்மீதுள்ள அச்சம். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், வாயிற்கதவு, பால்கனி ஆகியவற்றுக்குச் செல்லும் வழியெங்கும் அடியில் ரப்பர் உள்ள விரிப்புகளையோ பழைய யோகா பாய்களையோ இடைவெளியின்றி இட்டால், நாயின் நடையில் விரைவிலேயே மாற்றத்தைக் காணலாம். நகங்களை வெட்டி, பாதத்தின் அடிப்பகுதியில் வளரும் மயிரையும் கத்தரித்துவிட்டால் பிடிப்புக் கூடும். முன்கால் இழந்த நாயின் உணவுக் கிண்ணத்தை மார்பளவு உயரத்தில் வைப்பது நன்று. கட்டில், சோபா ஆகியவற்றிலிருந்து குதிப்பதைத் தடுக்க வேண்டும். படிக்கட்டில் துணையின்றி விடலாகாது.

அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு மின்தூக்கி இன்றியமையாதது. செல்லப் பிராணிகள் மின்தூக்கியைப் பயன்படுத்துவதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடைசெய்யலாகாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. ருக்மணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1962இல் அமைந்த வாரியம் இது. எனினும் சட்டத்தைச் சுட்டும் முன், நாயின் நிலையை அண்டை வீட்டாரிடம் விளக்கினால் பெரும்பாலும் அதுவே போதும்.

எடைக் கணக்கு

நாய் நிற்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை முன்கால்களும் நாற்பது விழுக்காட்டைப் பின்கால்களும் தாங்குகின்றன. 20 கிலோ எடையுள்ள நாயின் ஒவ்வொரு முன்காலுக்கும் 6 கிலோ. ஒவ்வொரு பின்காலுக்கும் 4 கிலோ. ஆகவே பின்காலை இழப்பதைவிட முன்காலை இழப்பதற்குப் பழகுதல் சற்றுக் கடினம்.

இன்னோர் எளிய கணக்கையும் காண்போம். அதே 20 கிலோவை நான்கு கால்கள் சுமந்தபோது சராசரி 5 கிலோ. மூன்று கால்களாயின் 6.67 கிலோ. நாய் 24 கிலோவாகப் பருத்தால் 8 கிலோ. 18 கிலோவாக மெலிந்தால் 6 கிலோ. இழந்த காலை மீட்க இயலாது. ஆனால் எஞ்சிய கால்களின் சுமையைக் குறைக்க இயலும். எனவே எடைக் கட்டுப்பாடே வாழ்நாள் முழுவதற்குமான சிகிச்சை. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமலும், விரலால் தடவினால் எளிதில் உணரும்படியும் இருப்பதே சரியான அளவு.

இங்குதான் இரக்கம் எதிரியாகிறது. ‘பாவம், காலில்லாத பிள்ளை’ என்று வீட்டார் ஒரு பிஸ்கட்டும், பக்கத்து வீட்டார் ஒரு சந்தேஷும் கொடுக்க, நாய் மாதந்தோறும் பருக்கும். அன்பைத் தீனியால் அன்றி, உடனிருப்பதால் காட்டுவோம்.

நடையும் பருவமும்

மருத்துவர் இசைந்த பின், ஐந்து நிமிட நடையை நாளுக்குச் சிலமுறை தொடங்கலாம். நீண்ட ஒரு நடையைவிடச் சிறிய பல நடைகள் மேலானவை. மறுநாள் நாய் தளர்ந்து காணப்பட்டால் முந்தைய நாளின் அளவு மிகுதி என்று பொருள். மூன்று காலில் துள்ளி நடப்பதற்கு உழைப்பு அதிகம், விரைவில் இளைக்கும். வங்காளத்தின் ஏப்ரல், மே வெயிலில் விடியற்காலையும் இரவும் மட்டுமே ஏற்றவை. மழைக்காலத்தில் தேங்கிய நீரின் அடியிலுள்ள பள்ளத்தில் எஞ்சிய கால் இடறாதவாறு கவனிக்க வேண்டும்.

செயற்கைக் கால் பற்றியும் பலர் கேட்பர். ஜெய்ப்பூர்க் கால்நடை மருத்துவர் தபேஷ் மாத்தூர் விலங்குகளுக்காக உருவாக்கிய ‘கிருஷ்ணா லிம்ப்’ பலரும் அறிந்தது. ஆனால் செயற்கைக் காலைப் பொருத்தக் காலின் ஒரு பகுதி எஞ்சியிருக்க வேண்டும். நாய்களுக்குப் பெரும்பாலும் தோளிலோ தொடையின் மேற்பகுதியிலோ காலை முழுமையாக நீக்குவதே வழக்கம். பாதியில் விட்டால் அம்முனை தரையில் இடித்துப் புண்ணாகும். எனவே அத்தகைய விருப்பம் இருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் பேசுதல் வேண்டும்.

செலவுத் திட்டம்

அறுவைக் கட்டணம் மொத்தச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. மயக்க மருந்து, எக்ஸ்ரே, குருதிப் பரிசோதனை, திசு ஆய்வு, உள்நோயாளிக் கட்டணம், மருந்து, மறுபரிசோதனை ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட்ட மதிப்பீட்டை எழுத்தில் பெறுவது நன்று. செல்லப் பிராணிக் காப்பீடு எடுப்போர் வயது வரம்பு, காத்திருப்புக் காலம், முன்பே உள்ள நோய்களுக்கான விலக்கு ஆகிய மூன்றையும் படித்தறிய வேண்டும். நோய் கண்ட பின் எடுக்கும் காப்பீடு அந்நோய்க்கு உதவாது. காப்பீடு இல்லாதோர் நாயின் பெயரால் சிறு தொடர் வைப்புத் திட்டம் ஒன்றை வைத்திருந்தால், முடிவெடுக்கும் நாளில் பணத்தின் நெருக்கடி அம்முடிவைத் தீர்மானிக்காது.

நாட்குறிப்பு

இறுதியாக ஓர் எளிய முறை. அறுவை நடந்த நாள் முதல், நாட்காட்டியில் ஒவ்வோர் இரவும் ஒரு குறியிடுங்கள். நன்றாக உண்டு, எழுந்து நடந்து, வாலாட்டிய நாளுக்கு ஒரு வட்டம். இல்லாத நாளுக்கு ஒரு கோடு. முதல் வாரத்தில் கோடுகளே மிகுந்திருக்கும். ஆறு வாரங்களுக்குப் பின் வட்டங்கள் பெருகியிருந்தால் உங்கள் முடிவு சரியென்று அறியலாம். பெருகவில்லையெனில் அந்தப் பக்கத்தையே மருத்துவரிடம் காட்டுங்கள். வலி எங்கேனும் எஞ்சியுள்ளதா என்று தேட அது அவருக்கு உதவும். நாயால் சொல்ல முடியாததை அந்தப் பதிவு சொல்லும்.