72 பிஎஸ்ஸா, 100 பிஎஸ்ஸா? ஒரு பட்ஜெட் எஸ்யூவியை ஓட்டிப் படிப்போம்

வீட்ல கார் வாங்குற பேச்சு வந்ததும் அப்பா முதலில் உங்க பக்கம்தான் திரும்புவார். "இன்ஜினியரிங்தானே படிக்கிற, எது நல்ல வண்டின்னு நீயே சொல்லு." நீங்க ஈசிஇயா, சிவிலா என்பதெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. நீங்களும் நாலு வீடியோ பார்த்துட்டு, "டர்போ எடுத்துக்கலாம்ப்பா, 100 பிஎஸ்" என்று சொல்லி முடிச்சிடுவீங்க. அந்த 100 எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று அவர் திருப்பிக் கேட்டால்? அதுக்குத்தான் இந்தப் பாடம்.

உதாரணத்துக்கு நிசான் மேக்னைட்டை எடுத்துக்குவோம். 2020 டிசம்பரில் விற்பனைக்கு வந்த வண்டி. நம்ம சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகிறது. அதை நான் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், பாடம் நடத்த அது ரொம்ப வசதி. ஒரே பாடி, ஒரே 999 சிசி, ஆனால் இரண்டு இன்ஜின். ஒன்று டர்போ இல்லாதது: 72 பிஎஸ், 96 நியூட்டன் மீட்டர் டார்க். இன்னொன்று டர்போ: 100 பிஎஸ், மேனுவல் கியரில் 160 நியூட்டன் மீட்டர். லேபில் ஒரு வேரியபிளை மட்டும் மாற்றிப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

முதலில் அந்த 999. நீளத்தையும் பாருங்க, 3,994 மில்லிமீட்டர். இன்னும் 6 மில்லிமீட்டர் போட்டால் சரியாக நாலு மீட்டர்; ஏன் போடலை? 2006 பட்ஜெட்டில் "சின்ன கார்" என்று ஒரு வரையறை வந்தது. நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்தக் கோடு அப்படியே நிக்குது. நம்ம ஊரில் ஓடும் சின்ன எஸ்யூவிகளின் பின்பக்கம் கத்தியால் வெட்டினது போல முடிவதற்கு டிசைனர் மட்டும் காரணம் இல்லை, நிதி அமைச்சகமும் காரணம்.

சரி, உட்காருங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. சீட்டில் லேசா ஒரு நடுக்கம் தெரியுதா? அது பழுது இல்லை, மூன்று சிலிண்டர். நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஒரு தடவை எரிப்பு நடக்கும். மூன்றில் 240 டிகிரிக்கு ஒரு தடவை. ஐடிலில் 750 ஆர்பிஎம் என்று வைத்தால் நாலு சிலிண்டருக்கு நொடிக்கு 25 துடிப்பு, மூன்றுக்கு 19-க்கும் கம்மி. அதோட மூன்று பிஸ்டன்களும் மேலும் கீழும் போகும்போது விசைகள் ஒன்றையொன்று சமன் செய்தாலும், இன்ஜினின் இரண்டு முனைகளையும் சீ-சா மாதிரி ஆட்டும் ஒரு கப்புள் மிச்சம் இருக்கும். தியரி ஆஃப் மெஷின்ஸில் பேலன்சிங் சாப்டரை மார்க்குக்காகப் படிச்சவங்க, ஒரு தடவை சிக்னலில் நின்னு அதை முதுகால் படிச்சுப் பாருங்க. வண்டி நகர்ந்து ஆர்பிஎம் ஏறியதும் பெரும்பாலும் மறைஞ்சிடும்.

இப்போ தெருவுக்குள் போவோம். கிரவுண்ட் கிளியரன்ஸ் 205 மில்லிமீட்டர். இந்திய ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும். நம்ம தெருவில் ராத்திரியோட ராத்திரியா சிமெண்ட் கொட்டிப் போட்ட தடைக்கு எந்த விதியும் கிடையாது, அதனால்தான் அந்த 205 மேல இவ்வளவு பேருக்கு ஆசை. ஒன்று கவனிங்க: அந்த எண் காலி வண்டிக்கு. அஞ்சு பேரும் பையும் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி, எண்ணும் கீழே வரும்.

வேகத்தடை தாண்டியதும்தான் டர்போவின் குணம் தெரியும். இரண்டாவது கியரில் மெதுவா இறங்கி, ஆக்சிலரேட்டரை மிதிக்கறீங்க. டேக்கோமீட்டர் முள் 1,500-க்குக் கீழே இருக்கும். ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் 2,000-ஐ நெருங்கும்போது பின்னால யாரோ தள்ளின மாதிரி கிளம்பும். டர்பைனைச் சுழற்றுவது வெளியேறும் புகை. புகை போதுமான அளவு வந்தால்தான் கம்ப்ரஸர் காற்றை அழுத்தும். அதுவரைக்கும் உங்க காலடியில் இருப்பது வெறும் ஒரு லிட்டர் இன்ஜின். 72 பிஎஸ் வண்டியில் இந்தக் காத்திருப்பு இல்லை. மிதிச்ச அளவுக்கு உடனே, கொஞ்சமா, நேர்மையா கொடுக்கும். தாம்பரம் பெருங்களத்தூர் மாதிரி ஊர்ந்து போகிற டிராஃபிக்கில் பழகினவங்களுக்கு அதுதான் சுலபம். ஊருக்குள் மட்டும் ஓட்டப் போறீங்கன்னா, என் ஓட்டு சின்ன இன்ஜினுக்கே.

ஹைவேயில் கதை மாறும். பவர் என்பது டார்க்கை கோண வேகத்தால் பெருக்கியது, முதல் வருஷத்திலேயே படிச்சாச்சு. டர்போ இன்ஜின் 2,800 ஆர்பிஎம்மிலேயே 160 நியூட்டன் மீட்டரைத் தொட்டுவிடும். பெருக்கிப் பாருங்க: சுமார் 47 கிலோவாட், அதாவது 64 பிஎஸ். டர்போ இல்லாத இன்ஜினின் உச்ச டார்க் 96, அதுவும் 3,500-ல்தான். அதே 2,800-ல் அது 38 பிஎஸ்ஸைக் கூடத் தாண்டாது. நாம தினமும் ஓட்டுகிற ஆர்பிஎம்மில் வித்தியாசம் 72-க்கும் 100-க்கும் நடுவில் இல்லை, 38-க்கும் 64-க்கும் நடுவில். பிரோஷரில் இருப்பது 5,000, 6,000 என்று இன்ஜினை அலற விட்டால் கிடைக்கும் எண். வீட்டுப் பெரியவங்களை ஏத்திக்கிட்டு யார் அப்படி ஓட்டப் போறாங்க?

இப்போ நிஜமான கணக்கு. இருவழிச் சாலை. உங்க முன்னால ஒரு லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகுது. வண்டியில் அஞ்சு பேர், பின்னால லக்கேஜ். வண்டியின் எடை ஏறக்குறைய 1,000 கிலோ, ஏத்தினது 400. மொத்தம் 1,400. எதிரே ஒரு பஸ் 80-ல் வருது. ஓவர்டேக் பண்ண எவ்வளவு தூரம் காலியாக இருக்கணும்?

லாரிக்குப் பின்னால 15 மீட்டர் இடைவெளி, லாரி 10 மீட்டர், முந்தினபின் 15 மீட்டர், உங்க வண்டி 4 மீட்டர். ஆக லாரியை விட நீங்க 44 மீட்டர் கூடுதலாகப் போகணும். காற்றுத் தடை, டயர் உராய்வு எல்லாம் கழித்து, முழு லோடில் 72 பிஎஸ் வண்டிக்கு சராசரி முடுக்கம் 0.9 என்றும், டர்போவுக்கு 1.5 என்றும் வைப்போம் (மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர், என்னுடைய தோராயம்தான், வேற எண் போட்டும் பாருங்க). நேரம் என்பது இரு மடங்கு தூரத்தை முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தது. சின்ன இன்ஜினுக்கு 9.9 நொடி. டர்போவுக்கு 7.7 நொடி.

"ரெண்டே நொடிதானே மச்சி" என்று தோணும். தூரமாக மாற்றுங்க. 9.9 நொடியில் நீங்க சுமார் 180 மீட்டர் போயிருப்பீங்க, பஸ் 220 மீட்டர் வந்திருக்கும். மொத்தம் 400 மீட்டர் காலி ரோடு வேணும். டர்போவுக்கு 320 போதும். நடுவில் 80 மீட்டர், கிட்டத்தட்ட ஏழு பஸ்ஸை வரிசையாக நிறுத்தலாம்.

கதை இங்கே முடியலை. லாரி பின்னால 50-ல் நாலாவது கியரில் வந்துக்கிட்டிருந்தீங்கன்னா முள் சுமார் 1,700-ல் இருக்கும். அந்த நிலையிலேயே வலது பக்கம் வெளியே வந்து மிதிச்சால் டர்போ எழுந்திருக்க ஒன்றரை நொடி எடுக்கும் என்று வைப்போம். அந்த ஒன்றரை நொடியில் உங்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே 54 மீட்டர் கரைஞ்சு போகும். 320 என்பது 374 ஆகிவிட்டது. விலை கொடுத்து வாங்கின 80 மீட்டரில் பெரும் பங்கு கியர் மாற்றாததால் போச்சு! லாரி பின்னால இருக்கும்போதே மூன்றாவதுக்கு இறக்கி, முள்ளை 2,300-க்குக் கொண்டுவந்து, அப்புறம் வெளியே எட்டிப் பார்க்கிறவருக்குத்தான் அந்த 100 பிஎஸ் சொந்தம்.

சின்ன இன்ஜின் வைத்திருப்பவருக்கு வேற ஒரு ஆபத்து. தனியாகப் போகும்போது எடை 1,075 கிலோதான். அதே இன்ஜின் 1.2 முடுக்கம் கொடுக்கும், 355 மீட்டர் போதும். தினமும் ஆபீஸ் போய் அந்த 355-க்குப் பழகின கண், தீபாவளிக்குக் குடும்பத்தோட ஊருக்குப் போகும்போதும் அதே இடைவெளியைப் பார்த்து "போயிடலாம்" என்று சொல்லும். அன்னைக்கு 45 மீட்டர் துண்டு விழும்.

இதோட உட்காரும் உயரமும் சேருது. உயரத்திலிருந்து பார்க்கும்போது முன்னால ரோடு நல்லா தெரியும், அது உண்மையான லாபம். ஆனால் கண்ணுக்கும் தரைக்கும் தூரம் கூடக் கூட, தரை நம்மைக் கடந்து ஓடும் கோண வேகம் குறையும். 80-ல் போவது 65 மாதிரி தோணும். எஸ்யூவி ஓட்டுகிற அண்ணன்கள் "வேகமே தெரியலைடா" என்று பெருமையா சொல்றாங்களே, அது பெருமை இல்லை, ஸ்பீடோமீட்டரைப் பார்க்க வேண்டிய நேரம். உயரமான பாடி வளைவில் கொஞ்சம் சாயும் என்பது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதை விட்டுடுவோம்.

மலைக்குப் போனால் டர்போ மறுபடியும் ஜெயிக்கும். மேட்டுப்பாளையத்தில் கிளம்பி பர்லியார், குன்னூர் வழியா ஊட்டிக்குப் போறீங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். காற்று குறைஞ்சால் எரிக்க முடியும் பெட்ரோலும் குறையும். 72 பிஎஸ் இன்ஜின் அங்கே போய்ச் சேரும்போது 58 பிஎஸ் இன்ஜின் ஆகிடும், முழு லோடோட. டர்போவில் கம்ப்ரஸர் இன்னும் வேகமாகச் சுழன்று அந்தக் குறையைப் பெருமளவு நிரப்பும். டர்போசார்ஜர் விமானங்களில் இடம் பிடிச்சதே இந்தக் காரணத்துக்காகத்தான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் வேகம் சுத்தமா இறங்கி முள் 1,200-க்கு வந்துட்டால் டர்போவும் உதவாது. கூச்சப்படாமல் முதல் கியர் போடுங்க.

மைலேஜ் பற்றி ஒரு வார்த்தை. வண்டி அறிமுகமானபோது ஏஆர்ஏஐ சான்று எண்ணில் டர்போ மேனுவலுக்கு லிட்டருக்கு 20 கிலோமீட்டர், டர்போ இல்லாததுக்கு 18.75. டர்போதான் அதிகம், ஆச்சரியமா இருக்கா? அந்தச் சோதனை ஓட்டத்தின் உச்ச வேகமே 90, வேகம் ஏற்றுவதும் பூப்போல. டர்போவை எழுப்பாமலே பெரும்பகுதியை முடிச்சிடலாம். நீங்க அந்த 160 நியூட்டன் மீட்டரை அடிக்கடி கேட்டு வாங்கினால் பெட்ரோலும் அதே கணக்கில் போகும்.

அப்பாவுக்கு என்ன பதில்? ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று ஒரு ரவுண்டு சுத்திக் காட்டுவாங்க, நீங்களும் சேல்ஸ்மேனும் மட்டும். அது 355 மீட்டர் கணக்கு. வீட்ல நாலு பேரையும் கூட்டிட்டுப் போங்க, எல்லாரையும் ஏத்துங்க, ஒரு மேம்பாலம் இருக்கிற வழியாக் கேட்டு வாங்கி, 40-ல் மூன்றாவது கியரில் ஏறிப் பாருங்க. இரண்டு இன்ஜினிலும். சேல்ஸ்மேன் முகம் சுளிச்சால் சுளிக்கட்டும்.